கடன், வாடகை, ஜீவனாம்சம்: கையில் பணமில்லாத குடும்பத்துக்கு இலவச வக்கீல் கிடைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் சிவில் வழக்கில் மாட்டிக்கொண்டு, வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லாமல் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதியது இது. கடன், ஜப்தி, வீட்டு வாடகை, ஜீவனாம்சம் இவற்றைச் சுற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள் என்பதால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எல்லாக் கேள்வியும் உங்களுக்குப் பொருந்தாது, தேவையானதை மட்டும் படியுங்கள். ஆனால் சம்மன் கையில் வந்திருந்தால், "சம்மன் வந்து நாளாகிவிட்டது" என்ற கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

இலவச வக்கீல் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா? கொலை, திருட்டு வழக்குக்கு மட்டும்தானே தருவார்கள்?

இருக்கிறது, சிவில் வழக்குக்கும் உண்டு. இது யாரோ மனம் இரங்கிச் செய்யும் தர்மம் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை. பணம் இல்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு சொல்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1987-ல் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் போட்டார்கள், அது அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9-ல். அந்தச் சட்டப்படிதான் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. நீங்கள் வாதியாக இருந்தாலும் சரி, பிரதிவாதியாக இருந்தாலும் சரி, வழக்கு இன்னும் போடவே இல்லை, ஆலோசனை மட்டும் வேண்டும் என்றாலும் சரி, போகலாம்.

எங்கள் குடும்பத்துக்குத் தகுதி இருக்கிறதா?

இங்கேதான் நிறையப் பேர் தப்புக்கணக்கு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். "வருமானம் கொஞ்சம் கூட இருக்கு, நமக்குத் தரமாட்டாங்க" என்பார்கள். சட்டத்தின் 12-வது பிரிவு வருமானத்தை ஒரு வழியாக மட்டும்தான் வைத்திருக்கிறது. பெண் என்றால் வருமானமே கேட்கக் கூடாது, அவர் மாதச் சம்பளம் வாங்குபவராக இருந்தாலும் தகுதி உண்டு. அதே மாதிரி குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்கள், ஆள்கடத்தலிலும் கொத்தடிமை வேலையிலும் பாதிக்கப்பட்டவர்கள், வெள்ளம் வறட்சி நிலநடுக்கம் போன்ற பேரிடரிலோ சாதி வன்கொடுமையிலோ சிக்கியவர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது.

இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் வரம்பு 5 லட்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். வழக்கு யார் பேரில் இருக்கிறதோ அவருடைய தகுதியைத்தான் பார்ப்பார்கள். கடன் கணவர் பேரில் மட்டும் இருந்தால் மனைவி பெயரில் மனு கொடுத்துப் பயனில்லை. ஆனால் மனைவியும் கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டு அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தால், அவர் தன் பங்குக்கு வக்கீல் கேட்க முழு உரிமை உண்டு. மகளிர் குழு லோன்களில் பெரும்பாலும் பெண்கள் பெயர்தான் இருக்கிறது, ஆகவே அங்கே இந்தச் சிக்கலே வராது.

வருமானச் சான்றிதழ் வாங்கவே பத்துப் பதினைந்து நாள் ஆகும் போல இருக்கிறதே?

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். என் வருமானம் இவ்வளவுதான் என்று நீங்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 13-வது பிரிவில் இருக்கிறது, சந்தேகப்பட காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள். சான்றிதழ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த ரசீதோடு மனுவையும் கொடுத்துவிடுங்கள். பொய்யாக மட்டும் எழுதாதீர்கள், பின்னால் தெரிந்தால் பாதி வழக்கில் உதவியை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

எங்கே போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்?

உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் "சட்டப்பணிகள் குழு எங்கே?" என்று கேளுங்கள், வாசலில் நிற்கும் காவலரோ குமாஸ்தாவோ காட்டுவார். மாவட்டத் தலைநகரில் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். உயர் நீதிமன்ற வழக்குக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழு இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் சாதிச் சான்றோ மாற்றுத்திறனாளி அட்டையோ, அப்புறம் வழக்கு சம்பந்தமான எல்லாத் தாள்களும். எல்லாம் என்றால் எல்லாம். சம்மன், வக்கீல் நோட்டீஸ், அது வந்த கவர் (தபால் முத்திரையில் தேதி இருக்கும், அந்தத் தேதிதான் பல வழக்குகளில் உயிர்நாடி), பணம் கட்டிய ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கலெக்‌ஷன் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. எது முக்கியம் எது வேண்டாம் என்று வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் வீட்டிலேயே தரம் பிரிக்காதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாது என்றால் வாயால் சொன்னால் போதும், அங்கிருப்பவர் அல்லது சட்டத் தன்னார்வலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். முடிவை ஏழு நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

இலவசம் என்றால் எது வரைக்கும்?

வக்கீல் கட்டணம், கோர்ட் ஃபீஸ், சம்மன் அனுப்பும் செலவு, சான்றிட்ட நகல் வாங்கும் செலவு, ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு எல்லாம் அடக்கம். நீங்கள் கோர்ட்டுக்கு வந்து போகும் பஸ் செலவும், அன்றைக்குப் போகும் கூலியும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் வரத் தேவையில்லை, எதற்குக் கட்டாயம் வர வேண்டும் என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டால் பல நாள் கூலி மிச்சமாகும்.

சம்மன் வந்து நாளாகிவிட்டது. பயத்தில் பீரோவில் வைத்துவிட்டோம். இப்போது போனால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள், இன்றைக்கே போங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஏழைக் குடும்பங்கள் தோற்கும் பல கடன் வழக்குகள் நியாயம் இல்லாமல் தோற்பவை அல்ல, யாரும் போகாததால் தோற்பவை. நீங்கள் பாதிக் கடனைக் கட்டிய ரசீது கையில் இருக்கும், ஆனால் அதைக் காட்ட ஆள் இல்லாததால் முழுத் தொகைக்கும் வட்டிக்கும் டிக்ரி, அதாவது கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, ஆகிவிடும்.

கணக்கு இதுதான். சம்மன் கையில் கிடைத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது உங்கள் பதில், தாக்கலாக வேண்டும். நீதிமன்றம் நினைத்தால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். வாய்தா தேதியில் யாருமே ஆஜராகவில்லை என்றால் "எக்ஸ்பார்ட்டி", அதாவது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகும். அப்படி ஆகிவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை, டிக்ரி ஆன நாளில் இருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். சம்மனே வரவில்லை என்றால் டிக்ரி பற்றி உங்களுக்குத் தெரிய வந்த நாளில் இருந்து 30 நாள். அதுவும் தாண்டிவிட்டதா, தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருந்தோம், வேலைக்காக வெளியூர் போயிருந்தோம் என்று காரணத்தை ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் வழி குறுகிக்கொண்டே போகும்.

தபால்காரர் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு நடக்காது என்று தெருவில் யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வாங்க மறுத்தால் வாங்கியதாகவே எடுத்துக்கொண்டு வழக்கு நகரும், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கடனைக் கட்ட முடியாவிட்டால் ஜெயிலில் போடுவார்களா?

வெறும் கடன் பாக்கிக்காக யாரையும் போலீஸ் பிடித்துப் போக முடியாது, அது சிவில் விவகாரம். டிக்ரி ஆன பிறகு சிவில் சிறை என்று ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று கடன் கொடுத்தவர் நிரூபித்தால்தான் அது. நிஜமாகவே வழியில்லாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களை அப்படிக் கைது செய்யவே முடியாது, சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு.

செக் விஷயம் வேறு. நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காக மாறலாம். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு போட முடியாது. அந்த 15 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், நோட்டீஸ் வந்த அன்றே சட்டப்பணிகள் குழுவுக்குப் போய்விடுங்கள்.

அமீனா (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) வந்தால் வீட்டில் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவாரா?

முடியாது. ஜப்தி செய்யக் கூடாத பொருட்களைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பட்டியல் போட்டே சொல்கிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி. தச்சரின் உளி, தையல்காரரின் மெஷின் மாதிரி பிழைப்புக்கான கருவிகள். விவசாயியின் உழவுக் கருவிகள், உழவு மாடு, அவர் குடியிருக்கும் வீடு. பி.எஃப் பணம், அரசுப் பென்ஷன்.

சம்பளத்தையும் முழுசாகப் பிடிக்க முடியாது. முதல் 1,000 ரூபாயை விட்டுவிட்டு, மீதியில் மூன்றில் ஒரு பங்குதான் பிடிக்கலாம். சம்பளம் 16,000 என்றால் 15,000-ல் மூன்றில் ஒரு பங்கு, 5,000. பாக்கி 11,000 உங்கள் குடும்பத்துக்கு. அதையும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் கணக்கு வேறு.

இதெல்லாம் தானாக நடந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இது ஜப்திக்கு உட்படாத பொருள் என்று மனு போட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் வக்கீல்.

வீட்டு லோன் மூன்று மாதம் கட்டவில்லை, வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அநேகமாக அது சர்ஃபாசி சட்டப்படி, அதாவது அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க வழி செய்யும் சட்டப்படி, வந்த நோட்டீஸ். 60 நாள் அவகாசம் கொடுத்திருப்பார்கள். பலர் இந்த 60 நாளை வெறும் பயத்திலேயே கழிக்கிறார்கள், ஆனால் உங்கள் பக்கத்தைச் சொல்ல நல்ல நேரமே இதுதான். தொகை தப்பு, வேலை போய்விட்டது, இவ்வளவு இவ்வளவாகக் கட்டுகிறேன் என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்படியும் சுவாதீனம் எடுக்க வந்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் இருக்கிறது. தீர்ப்பாய வழக்குக்கும் இலவச வக்கீல் கேட்கலாம். அடமானமாக வைத்தது விவசாய நிலம் என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வட்டிக்குக் கொடுத்தவர் வெற்று புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். இப்போது பெரிய தொகை எழுதி வழக்கு போட்டுவிட்டார்.

கஷ்டமான இடம்தான், பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதைப் பூர்த்தி செய்யும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அத்தோடு முடியவில்லை. நிஜத்தில் வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று நீங்கள் காட்டலாம். வங்கிக் கணக்கு விவரம், போனில் வந்த மெசேஜ், சாட்சி எல்லாம் உதவும். புரோநோட்டில் இருக்கும் தேதியில் இருந்து மூன்று வருடம்தான் வழக்கு போடக் காலம். அது முடியும் நேரத்தில் சிலர் வந்து, "சும்மா நூறு ரூபா வரவு வச்சு பின்னாடி ஒரு கையெழுத்து போடு" என்பார்கள். மூன்று வருடம் முடிவதற்குள் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடத் தொடங்கும். போடுவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள், இலவசமாகவே கேட்கலாம்.

மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டப்படி, நியாயமாகக் கட்ட வேண்டிய தொகையை நேரே கோர்ட்டில் கட்டிக் கணக்கை முடிக்கவும் வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

குழு லோன் ஏஜென்ட்கள் ராத்திரி வரை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

குழு லோன் மாதிரி சிறுகடன்களுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுக் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வந்தவர் பெயர், நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம். மிரட்டல் கை மீறினால் போலீஸ். அவமானம் தாங்காமல் உயிரை விடும் எண்ணம் வீட்டில் யாருக்காவது வந்திருந்தால், மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு 104 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். கடனுக்கு வழி இருக்கிறது, அதை அடுத்த நாள் பார்க்கலாம்.

லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போகலாமா?

போங்கள், ஆனால் தயாராகிப் போங்கள். கட்டணம் கிடையாது, சமரசம் ஆகாவிட்டால் வழக்கு பழையபடி கோர்ட்டிலேயே நடக்கும், நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். நிலுவை வழக்கு அங்கே முடிந்தால், வழக்கு போட்டவர் கட்டிய கோர்ட் ஃபீஸ் அவருக்கே திரும்பக் கிடைக்கும், ஆகவே அவருக்கும் விட்டுக்கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது. அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

கவனம் வேண்டியது கையெழுத்துப் போடும் இடத்தில். லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை, அது டிக்ரிக்குச் சமம். கூட்டத்தில், அவசரத்தில், "மாசம் 6,000 கட்டிடுறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்து, மூன்றாவது மாதம் தவறினால் முழுத் தொகையும் ஒரே நேரத்தில் வசூலிக்கலாம் என்ற ஷரத்து அதிலேயே இருக்கலாம். வீட்டுச் செலவை எழுதிப் பார்த்து, உங்களால் மாதம் 2,000 தான் முடியும் என்றால் 2,000 என்றே சொல்லுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒத்துக்கொள்ளாமலேயே எழுந்து வாருங்கள்.

வாடகை பாக்கி இருக்கிறது, வீட்டுக்காரர் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்.

பாக்கி இருந்தாலும் அப்படி நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். காலி செய்ய வைப்பதும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான், ஆள் வைத்துச் சாமானைத் தெருவில் வீசுவது கூடாது.

கணவர் செலவுக்குப் பணம் தருவதில்லை. விவாகரத்து வழக்கு போட்டால்தான் ஜீவனாம்சம் கிடைக்குமா?

வேண்டியதில்லை. விவாகரத்து கேட்காமலே தனியாக ஜீவனாம்ச மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு, 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்) 144. பிள்ளைகளுக்கும், வயதான பெற்றோருக்கும் இதே பிரிவில் கேட்கலாம். மனு போட்ட நாளில் இருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் "பெரியவங்க பேசி முடிச்சிடுவாங்க" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நஷ்டம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்கு போடுவது நீங்கள், நீங்கள் பெண், ஆகவே கணவரின் வருமானமோ உங்கள் அப்பா வீட்டு வசதியோ இலவச வக்கீலுக்குத் தடையே இல்லை.

இலவச வக்கீல் அக்கறையாகப் பார்ப்பாரா? பணம் கேட்டால் என்ன செய்வது?

நல்லவர்களும் இருக்கிறார்கள், வாய்தா வாங்கியே நாளைக் கடத்துபவர்களும் இருக்கிறார்கள், காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் அப்படித்தான். பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த நல்ல வக்கீல் இருந்தால் அவரைக் கேட்கலாம், முடிந்தால் தருவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள், வழக்கு எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே பார்க்கலாம்.

உங்களிடம் இருந்து ஒரு பைசாகூட அவர் வாங்கக் கூடாது. "டைப்பிங் செலவு", "குமாஸ்தா செலவு" என்று கேட்டாலும் சரி. கேட்டால் அந்தக் குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். செயலாளராக இருப்பவர் நீதித்துறை அதிகாரி, வக்கீலை மாற்றித் தரவும் பட்டியலில் இருந்து நீக்கவும் நடவடிக்கை எடுக்க முடியும். புகார் கொடுத்தால் வழக்கு கெட்டுவிடுமோ என்று பயந்து சும்மா இருக்காதீர்கள்.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும்: தகுதி இல்லை, அல்லது வழக்கில் முகாந்திரம் இல்லை. பெண் என்ற தகுதியைக் கவனிக்காமல் வருமானத்தைப் பார்த்துத் தள்ளியிருந்தால் அது நேரடியாகவே தவறு. குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டத்தில் தலைவர் மாவட்ட நீதிபதிதான். இடையில் வாய்தா தேதி வந்துவிட்டால், வக்கீல் இல்லாமலேயே நீங்கள் நேரில் ஆஜராகி, "இலவச சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் அவகாசம் வேண்டும்" என்று நீதிபதியிடம் தமிழில் சொல்லுங்கள், கொடுத்த மனுவின் நகலையும் காட்டுங்கள். பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் அங்கே இருந்தால், வரவில்லை என்று அன்றைக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுத முடியாது.